சொல்லின் தலையும் வாலும்: மலாய் ஒட்டுகள் தோட்டப் பள்ளிக்கு வந்த கதை



நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் மலாய் மொழியைப் பள்ளியில் கற்றவர்கள் அல்லர். கடைத்தெருவிலும் பேருந்திலும் காதால் கேட்டுக் கற்றவர்கள். அந்தப் பேச்சில் 'தோரே' என்றால் பால்மரம் வெட்டுவது. 'சாப்பு' என்றால் கூட்டுவது. அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை பாடப் புத்தகத்தைத் திறந்தால் 'மெநோரே', 'பெநோரே', 'மெஞாப்பு' என்று இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்த சொல்தான். ஆனாலும் முகம் மாறி நிற்கிறது. 'இது நமக்குத் தெரியாத மலாய்' என்று அவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்.

சொல்லின் தலையில் சேர்வது முன்னொட்டு. வாலில் சேர்வது பின்னொட்டு. மலாய் மொழியில் இவற்றுக்குப் பொதுப்பெயர் 'இம்புஹான்'. இது பாடநூல் எழுதியவர்கள் புதிதாகக் கட்டிய ஒன்றன்று. சுமத்திராவில் பலெம்பாங் அருகே கெடுக்கான் புக்கிட் என்னுமிடத்தில் 1920-இல் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. பங்கா தீவில் கோத்தா காப்பூர் கல்வெட்டு அதற்கும் முன்னரே கிடைத்திருந்தது. இரண்டும் ஏழாம் நூற்றாண்டில், 680-களில் வெட்டப்பட்டவை. இரண்டின் எழுத்தும் தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழி வந்தது. முதற்கல்லில் 'மர்லபஸ்' என்றொரு சொல் உண்டு. புறப்படுதல் என்பது பொருள். இன்று விமான நிலையத்தில் காணும் 'பெர்லெப்பாஸ்' அதுவேதான். அன்றைய 'மர்' இன்று 'பெர்' ஆகியிருக்கிறது. மற்றக் கல்லில் 'நிவுனு', அதாவது கொல்லப்படுதல், இன்று 'டிபூனு'. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒட்டுகள் கல்லில் ஏறிவிட்டன.

பின்னொட்டுகளில் சில நமக்கு உறவுக்காரர்கள். 'புடிமான்' என்ற மலாய்ச் சொல்லையும் நாம் வழங்கும் 'புத்திமான்' என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். செல்வந்தரைக் குறிக்கும் 'ஹர்த்தாவான்' என்பதன் வால், நம் 'தனவான்' என்பதன் வால்தான். இரு மொழியும் வடமொழியிலிருந்து பெற்றவை இவை.

மலாய் இலக்கணத்தைப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லும் வகையில் ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் நெகிரி செம்பிலானில் 1895-இல் பிறந்த ஸாபா என்னும் ஜைனல் ஆபிடின் அகமது. தஞ்சோங் மாலிமில் இருந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் பணிபுரிந்தார். 'பெலித்தா பஹாசா மெலாயு' அவருடைய இலக்கண நூல். அவர் சீர்படுத்திய ரூமி எழுத்துமுறையே 1972 வரை வழங்கியது.

தமிழ்ப்பள்ளிகளில் மலாய் கட்டாயப் பாடமானது 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையையும் 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையும் ஒட்டியே. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1976-இல் அந்த மாற்றம் இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்தை எட்டியது. ஆறாண்டு தமிழில் படித்துப் புகுமுக வகுப்புக்குப் போன தோட்டத்துப் பிள்ளைக்கு அதன்பின் எல்லாப் பாடமும் மலாயில்தான். ஒட்டு தெரியாத பிள்ளைக்கு மொழிப்பாடம் மட்டுமா போயிற்று? கணக்கும் வரலாறும் சேர்ந்தே போயின.

இதற்கு நடுவே 1972 ஆகஸ்ட் 16-இல் புதிய எழுத்துமுறை வந்தது. முன்பு 'வீட்டில்' என்னும் இடப்பொருளில் வரும் 'டி'யும், 'உண்ணப்பட்டது' என்பதில் வரும் 'டி'யும் சிறு கோடு போட்டே எழுதப்பட்டன. புதிய முறையில் இடத்தைக் குறிப்பது பிரிந்து நின்றது. வினையில் வருவது ஒட்டிக்கொண்டது. பழைய முறையில் பயின்ற ஆசிரியருக்கு இது தலைவலியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பிள்ளைக்கு நன்மையே. எது ஒட்டு, எது தனிச்சொல் என்பது கண்ணுக்கே தெரிந்தது.

தமிழ்ப் பிள்ளை இங்கே தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. நம் மொழி பெரும்பாலும் வாலில் வளர்வது. படித்தான், படித்தாள், படிக்கிறார்கள் எல்லாவற்றிலும் 'படி' முன்னே நிற்கும். மற்றவை பின்னே வரும். மலாயில் பகுதி பின்னே ஒளிந்துகொள்ளும். 'மெஞாப்பு' என்பதை மகர வரிசையில் தேடும் பிள்ளைக்கு அகராதி கை கொடுக்காது; அது 'சாப்பு' என்பதன் கீழ் இருக்கிறது.

ஆனால் இதைத் திறக்கும் சாவி முதல் வகுப்பிலேயே பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. க ங, ச ஞ, த ந, ப ம என்று பாடுகிறோமே, அதுதான். 'கீரா' (எண்ணு) 'மெஙீரா' ஆகும். க போய் ங வந்தது. சாப்பு, மெஞாப்பு: ச போய் ஞ. எழுது என்னும் 'தூலிஸ்' 'மெநூலிஸ்' ஆகும். அடி என்னும் 'புக்கூல்' 'மெமுக்கூல்' ஆகும். வல்லினம் மறைந்து அதன் இனமான மெல்லினம் நிற்கிறது. 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' என்று மகரம் ஙகரமாவதும் இந்த இன உறவால்தான். நன்னூல் படித்த ஆசிரியருக்கு இதைவிட எளிய பாடம் வேறில்லை. இதை விட்டுவிட்டு ஐம்பது சொல்லை மனப்பாடம் செய் என்று பிள்ளையை வதைப்பது எனக்கு உடன்பாடன்று.

ஓரிடத்தில் மட்டும் நம் எழுத்து காலை வாரிவிடும். தமிழில் 'பாக்கு' என்பதன் பகரத்துக்கும் 'தம்பி' என்பதன் பகரத்துக்கும் ஒரே எழுத்து. மலாய்க்கு அவை இரண்டு. தம்பியின் பகரத்தில் தொடங்கும் 'புவாங்' (எறி) தன் முதலெழுத்தை இழக்காது. 'மெம்புவாங்' என்றே வரும். வாய் சொல்லுவதைக் காது பிரித்தறியப் பழகிய பிறகே எழுதச் சொல்ல வேண்டும்.

பொருள் எப்படி மாறுகிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. 'சூரு' என்றால் ஏவு. 'பெஞூரு' என்பவர் ஏவுகிறவர். 'பெசூரு' என்பவர் ஏவப்படும் கடைநிலை ஊழியர். இடையில் மாறியது ஒரே எழுத்துதான். அவ்வாறே 'பெங்ஙாஜார்' கற்பிப்பவர், 'பெலாஜார்' கற்பவர்.

பள்ளிப் படிவத்தில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். தலைப்பு 'பெக்கெர்ஜாஆன்': 'கெர்ஜா' என்ற வேலைக்கு முன்னும் பின்னும் ஒட்டு. அதில் பிள்ளை எழுதுவது 'பெநோரே கெத்தா'. 'தோரே' என்பதன் தகரம் எங்கே போயிற்று என்று இன்று மாலை உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.