கணனி உறுப்புகளும் தெரிவுச் சுதந்திரமும்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டுப் பாவனைக்கென மேசைக் கணனியொன்றைத் தாமே அமைக்க முற்படுவோர், முறைவழியாக்கியை ஒரு நிறுவனத்திடமும் தாய்ப்பலகையை இன்னொன்றிடமும், நினைவகத்தையும் மின்வழங்கியையும் வேறு நிறுவனங்களிடமும் தெரிந்தெடுத்து ஒரே பெட்டகத்துள் பொருத்திவிடுகின்றனர். வெவ்வேறு நாட்டுத் தொழிற்சாலைகளிற் பிறந்த உறுப்புகள் ஒன்றோடொன்று இணங்கி இயங்குகின்றன. இதனை இயல்பானதொன்றாகவே நாம் கருதிப் பழகிவிட்டோம். ஆயின் தொலைக்காட்சிப் பெட்டியையோ குளிர்சாதனப் பெட்டியையோ எவரும் இவ்வாறு உறுப்புறுப்பாகத் தெரிந்து அமைப்பதில்லை. கணனிக்கு மட்டும் இத்தன்மை எவ்வாறு வாய்த்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தை 1975ஆம் ஆண்டிற் காணலாம். அவ்வாண்டு ஜனவரி மாத ‘பொப்பியுலர் இலெக்ரோனிக்ஸ்’ சஞ்சிகையின் அட்டையில் அல்ரெயர் 8800 என்னும் கணனி இடம்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் நியூமெக்சிக்கோ மாநிலத்தில் எம்.ஐ.ரி.எஸ். என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய இக்கணனி, வாங்குபவரே ஈயப்பற்று வைத்து இணைக்கவேண்டிய உறுப்புத் தொகுதியாகவும் விற்கப்பட்டது. அதன் அடிப்படை நினைவகம் 256 பைற்றுகள் மாத்திரமே. எனவே மேலதிக நினைவகப் பலகைகளைச் சேர்ப்பது ஆடம்பரமன்று, அவசியமே. அப்பலகைகளை இணைத்த 100 முனைப் பாட்டையை, அதாவது உறுப்புகளிடையே தரவு செல்லும் பொதுவழியை, பிற நிறுவனங்களும் பின்பற்றலாயின. பின்னர் அது எஸ்-100 எனப் பெயர்பெற்றது. ஒருவர் செய்த பெட்டியில் இன்னொருவர் செய்த பலகையைப் பொருத்தலாம் என்ற வழக்கம் இவ்வாறே வேரூன்றியது.

1977இல் வெளிவந்த அப்பிள் II கணனியும் எட்டுச் செருகுவாய்களைக் கொண்டிருந்தது. ஆயினும் 1984இல் அதே நிறுவனம் வெளியிட்ட மெக்கின்ரோஷ், விரிவாக்கச் செருகுவாய் ஒன்றேனும் அற்ற மூடிய பெட்டியாகவே அமைந்தது. கணனியின் வளர்ச்சி திறந்த பாதையிலேதான் சென்றாக வேண்டுமென்ற நியதி எதுவும் இருக்கவில்லை என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

இவ்வரலாற்றின் திருப்புமுனை 1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி நிகழ்ந்தது. அன்றுதான் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணனியை அறிமுகஞ்செய்தது. பெருங்கணனிகளின் முக்கிய பகுதிகளைத் தானே ஆக்கிவந்த அந்நிறுவனம், இம்முறை முறைவழியாக்கியை இன்ரெலிடமும் பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்ட்டிடமும் பெற்றது. புளோரிடா மாநிலத்துப் பொக்கா ரேற்றனில் டொன் எஸ்ட்றிட்ஜ் தலைமையில் இயங்கிய குழு, ஏறத்தாழ ஒரு வருட காலத்துள் பணியை முடிக்கவேண்டியிருந்தது. கணனியில் ஐந்து செருகுவாய்கள் வைக்கப்பட்டன. சுற்று வரைபடங்களும் பயோஸ் எனப்படும் அடிப்படைச் செய்நிரலின் முழு வரிகளுங்கூடத் தொழினுட்பக் கைந்நூலில் அச்சிடப்பட்டன.

இதனை அந்நிறுவனத்தின் தாராள மனப்பான்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவாருமுளர். அக்கூற்று பொருந்துவதன்று. சந்தையிற் பிந்திவிட்ட நிறுவனமொன்று விரைவாக முன்னேற விரும்பியது. அதற்குப் பிறருடைய உறுப்புகளும் பிறருடைய உழைப்பும் தேவைப்பட்டன. மேலும், பயோஸ் அச்சிடப்பட்டதேயன்றி அதன் பதிப்புரிமை கைவிடப்படவில்லை. கதவு திறந்திருந்தது, திறப்பு உடையவன் கையிலேயே இருந்தது.

அச்செய்நிரலை அவ்வாறே நகலெடுத்த சில நிறுவனங்கள் வழக்கை எதிர்நோக்கின. 1982இல் ரெக்சாஸ் மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட கொம்பாக் நிறுவனம் வேறு வழியை நாடியது. ஒரு குழுவினர் மூலச் செய்நிரலைக் கற்று, அது ஆற்றும் பணிகளை மட்டும் விவரித்தனர். மூலத்தைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழுவினர் அவ்விவரணத்தைக் கொண்டு புதிய செய்நிரலை எழுதினர். பதிப்புரிமை எழுத்தைக் காக்குமேயன்றி, அவ்வெழுத்து நிறைவேற்றும் செயலைக் காக்காது என்பதே இம்முயற்சியின் அடிப்படை. 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் இவ்வாறு ஆக்கிய பயோஸைப் பிறருக்கும் விற்கத் தொடங்கியதும், இணக்கமான கணனியைச் செய்வது எவர்க்கும் இயலுவதாயிற்று.

இழந்த ஆதிக்கத்தை மீட்க ஐ.பி.எம். 1987இல் முனைந்தது. அவ்வாண்டு வெளிவந்த பீ.எஸ்./2 கணனிகளின் மைக்ரோ சனல் பாட்டை, தொழினுட்ப ரீதியிற் பழையதிலும் மேம்பட்டதென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. பிறர் அதனைப் பயன்படுத்த உரிமக் கட்டணமுஞ் செலுத்தவேண்டியிருந்தது. 1988இல் கொம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்றுப் பாட்டையொன்றை அறிவித்தன. அம்மாற்றுப் பாட்டை வீட்டுக் கணனிகளிற் பெரிதும் பரவவில்லையாயினும், மைக்ரோ சனலும் பொதுநியமமாகவில்லை. தான் பெற்ற பிள்ளைக்கு விலங்கிட முயன்ற தந்தையின் நிலையே ஐ.பி.எம்.முக்கு ஏற்பட்டது.

நியமங்களை வகுக்கும் வலு அதன்பின் இன்ரெலின் கைக்கு மாறியது. 1992இல் பீ.சீ.ஐ. பாட்டையும், 1995இல் தாய்ப்பலகையின் அளவையும் திருகாணித் துளைகளின் இடத்தையும் வரையறுத்த ஏ.ரி.எக்ஸ். நியமமும் அந்நிறுவனத்திலிருந்தே தோன்றின. இந்நியமங்களைப் பின்பற்றித் தாய்வானின் தொழிற்சாலைகள் தாய்ப்பலகைகளைப் பெருந்தொகையாக உற்பத்திசெய்தன.

ஆயினும் இன்ரெலும் ஐ.பி.எம். சென்ற வழியில் ஓரடி வைக்கத் தவறவில்லை. 1990களின் நடுப்பகுதியில் ‘சொக்கற் 7’ என்ற ஒரே பொருத்துவாயில் இன்ரெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் ஆகிய மூன்றின் முறைவழியாக்கிகளும் பொருந்தின. 1997இல் வந்த பென்ரியம் II, இன்ரெலுக்கே உரிய புதிய பொருத்துவாயை வேண்டியது, 1999இல் ஏ.எம்.டி.யும் தனக்கெனத் தனிப் பொருத்துவாயை அமைத்தது. இன்று கணனி அமைப்போர் முதலில் முறைவழியாக்கியைத் தீர்மானித்து, அதற்கேற்ற தாய்ப்பலகையைப் பின்னர் தேடவேண்டியிருப்பது இப்பிரிவின் எச்சமேயாகும். தரம் பற்றிய அறிவுரையாக நாம் கேட்பவற்றுட் சில, உண்மையில் வணிகப் போட்டிகள் விட்டுச்சென்ற தழும்புகளாம்.

இதுகாறும் நோக்கியவற்றால் ஓருண்மை புலனாகின்றது. தெரிவுச் சுதந்திரம் உறுப்புகளில் இல்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று கூடும் பொருத்துகளிலேயே அது தங்கியுள்ளது. பொருத்து பொதுவுடைமையாக இருக்கும்வரை வாங்குபவருக்குத் தெரிவுண்டு. அது ஒருவருடைய தனியுடைமையாகும்போது தெரிவு சலுகையாகச் சுருங்கிவிடும். 2020இல் அப்பிள் வெளியிட்ட எம்1 கணனிகளில் நினைவகம் முறைவழியாக்கியின் பொதியினுள்ளேயே அடக்கப்பட்டது. வேகமும் மின்சிக்கனமும் இதனாற் கிட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் வாங்கும் நாளில் ஒருவரின் கைப்பணம் எவ்வளவோ, அவ்வளவே அக்கணனியின் ஆயுட்கால நினைவகமுமாகிவிடுகின்றது.

பழைய கணனிக்கு நினைவகத் தட்டொன்றை வாங்கிச் செருகி இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரையை எழுதி முடிக்கும் மாணவனுக்கு இது வெறும் தொழினுட்பச் செய்தியன்று. அவன் செருகும் அச்சிறு தட்டின் பின்னே அரை நூற்றாண்டுப் போராட்டமொன்று உண்டு. அதன் முடிவு இன்னும் எழுதப்படவில்லை.