கேள்வியின் தரைப்படம்: ‘பிளான்தேயார்’ என்னும் ஸ்பானிய வினை

ஸ்பானியக் கட்டுரையொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது ‘மல் பிளான்தேயாதா’ என்னும் தொடரில் பெரும்பிழை செய்தேன். கேள்வி தவறாக வகுக்கப்பட்டுள்ளது என்பதே ஆசிரியர் கூற்று. நானோ அகராதி முதலில் காட்டிய ‘ரெய்ஸ்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, அக்கேள்வியை எழுப்பியதே தவறு என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். கேள்வியைத் திருத்த முனைந்தவர் என் கையில் கேள்வியைத் தடுப்பவராகிவிட்டார். நெறியாளர் சுட்டிய பின்னரே இச்சொல்லின் வரலாற்றைத் தேடினேன்.

இலத்தீனில் ‘பிளாந்தா’ என்பதற்கு இளங்கன்று, உள்ளங்கால் என இரு பொருள்கள் உண்டு. ஸ்பானியத்தில் அதே பெயர்ச்சொல் கட்டடத்தின் தரைப்படத்தையும் குறிக்கும். தரையில் பதிந்த அடிச்சுவடே கட்டடத்தின் வரைபடம் என்னும் உருவகம் பழையது. விட்ரூவியஸ் தரைப்படத்துக்கு ஆளும் ‘இக்னோகிராஃபியா’ என்னும் கிரேக்கச் சொல்லிலும் ‘சுவடு’ என்பதே முதற்பகுதி. நடுதலைக் குறிக்க ‘பிளான்தார்’ முன்பே இருந்தது. ‘பிளான்தேயார்’ அதன் உடன்பிறப்பு. ஒன்றைச் செம்மையாகச் செய்யும்பொருட்டு அதற்கு முதலில் படம் வரைதலே அதன் பழம்பொருள். சிக்கலையும் ஐயத்தையும் முன்வைத்தல் என்னும் பொருள் அதன்மேல் வளர்ந்தது. கணித வகுப்பில் இவ்வுறவு இன்றும் தெளிவு: சமன்பாட்டைத் தீர்ப்பது வேறு, கணக்கைப் படித்துச் சமன்பாட்டை அமைப்பது வேறு. பின்னதே ‘பிளான்தேயார்’.

ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை. ‘ரெய்ஸ்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. கீழிருப்பதை மேலே தூக்குவது. ‘போஸ்’ பிரெஞ்சு வழி வந்தது. கையிலிருப்பதைக் கீழே வைப்பது. இரண்டிலும் கேள்வி முன்பே முழுமையாக இருக்கிறது, அதன் இடம் மட்டுமே மாறுகிறது. ‘ஃபிரேம்’ ஓரளவு நெருங்கும்; ஆனால் ஒருவர்மேல் பொய்க்குற்றம் புனைதலையும் அதே சொல் குறிப்பதால் சில இடங்களில் உறுத்துகிறது. (தமிழில் நாம் பழகிய ‘வினா எழுப்புதல்’ ‘ரெய்ஸ்’ பக்கமே சாய்கிறது. திட்டத்துக்கு நாம் ஆளும் ‘வகுத்தல்’ இங்கே பொருத்தமாக இருந்திருக்கும்.)

தற்சுட்டு வடிவமான ‘பிளான்தேயார்ஸே’ இன்னும் கடினம். ஊரைவிட்டுப் போகலாமா என்று ஒருவர் தமக்குள் கேள்வியை அமைத்துக்கொள்வதை ஆங்கிலம் ‘கன்சிடர்’ என்று முடித்துவிடும். கேள்வி மறைந்து எண்ணம் மட்டும் எஞ்சும்.

என் திருத்தப்படியில் ‘பேட்லி ஃபிரேம்ட்’ என்றே இட்டேன். அதே கட்டுரையின் பிற இடங்களில் ‘செட் அப்’, ‘போஸ்’, ‘கன்சிடர்’ என மூன்று வெவ்வேறு சொற்கள் வந்துள்ளன. ஆசிரியர் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ஆண்ட சொல் ஒன்றே என்பதை ஆங்கில வாசகருக்குக் காட்ட, இறுதியில் ஓர் அடிக்குறிப்பு சேர்க்க நேர்ந்தது.