வரைபடத்தில் இருந்த அறையும் இல்லாத அறையும்

ஆலை லேஅவுட்டில் இடைவெளி சரிபார்ப்பது என்றால், அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பம்புக்கும் கம்ப்ரசருக்கும், டாங்குக்கும் உலைக்கும் எத்தனை மீட்டர் என்று படத்தில் அளப்பதுதான் வழக்கம். அது அவசியமான வேலை. ஆனால் ஆட்கள் உட்காரும் இடத்தை அதே கண்டிப்போடு அளக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு விபத்துகள் காட்டுகின்றன.

முதலாவது, இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ. 1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை. விரிசல் கண்ட ஐந்தாம் உலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தற்காலிகமாகப் பொருத்தியிருந்த குழாய் பெயர்ந்தது. சைக்ளோஹெக்சேன் மேகமாகப் பரவி வெடித்தது. இறந்த 28 பேரில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். அந்த அறையிலிருந்து ஒருவரும் பிழைக்கவில்லை. ஆலையை ஓட்டுபவர் ஆலையின் அருகிலேயே இருக்க வேண்டும் என்ற அன்றைய வழக்கப்படி கட்டிய அறை அது. விடுமுறை நாள் என்பதால் அலுவலகக் கட்டடம் காலியாக இருந்தது. வேலை நாளாக இருந்திருந்தால் சாவு எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும்.

இரண்டாவது, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. 2005 மார்ச் 23. ஐசோமரைசேஷன் பிரிவைத் திரும்ப இயக்கும்போது ஒரு கோபுரத்தில் திரவம் அளவுக்கு மீறி நிரம்பியது. வழிந்த திரவம் புளோடவுன் டிரம்மின் புகைபோக்கி வழியே வெளியில் கொட்டி, ஆவியாகித் தீப்பிடித்தது. இறந்த 15 பேரும் டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். அந்தப் பிரிவோடு அவர்களுக்குச் சம்பந்தமே இல்லை. பக்கத்துப் பிரிவின் ஷட்டவுன் வேலைக்கு வந்தவர்கள். மிக அருகில் இருந்த டிரெய்லருக்கும் டிரம்முக்கும் இடையே சுமார் 37 மீட்டர்தான். ஐசோமரைசேஷன் பிரிவைத் திரும்ப இயக்கப் போகிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிளிக்ஸ்பரோவின் அறை வரைபடத்தில் இருந்தது. படத்தைப் பார்த்த எவரும் அதைக் கேள்வி கேட்டிருக்கலாம். அதன் பிறகு கட்டுப்பாட்டு அறைகளை வெடியழுத்தம் தாங்கும்படி கட்டவும் தள்ளி வைக்கவும் துறை பழகிக்கொண்டது. டெக்சாஸ் சிட்டியின் டிரெய்லர்கள் மூல வரைபடத்தில் இல்லை, பின்னால் வந்தவை. விதி இல்லாமலும் இல்லை. ஆலைப் பிரிவிலிருந்து 350 அடிக்குள் டிரெய்லர் வைத்தால் தனி ஆய்வு வேண்டும் என்று நிறுவனமே வகுத்திருந்தது. அந்த ஆய்வு முடியாமலே ஆட்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். இந்த விபத்துக்குப் பிறகுதான், தற்காலிகக் கட்டடங்களுக்கென்றே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) 753 என்ற வழிகாட்டுதல் 2007-இல் வந்தது.

இரண்டில் இரண்டாவதே அதிகம் அஞ்ச வேண்டியது என்பது என் முடிவு. முதல் குறையைப் படமே காட்டிக்கொடுக்கும். இரண்டாவதோ எல்லாக் கையெழுத்தும் முடிந்து, படம் சுத்தமாகத் தெரியும்போதே நுழைகிறது. லேஅவுட் சரிபார்க்கும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஷட்டவுன் தேதி குறித்த அன்றே ஒப்பந்தக்காரர் அலுவலகம், சாப்பாட்டுக் கூடம், கருவிக் கொட்டகை எல்லாவற்றையும் அதே படத்தில் வரைந்து, மறுபடி அளந்து பாருங்கள்.