ஜானகி ஆதி நாகப்பன்: 18 வயதில் சிப்பாய், 75 வயதில் பத்மஸ்ரீ

மலாக்காவில் தோட்டப் பின்னணி உள்ள குடும்பமா உங்களுடையது? அப்படியென்றால் “ஜப்பான்காரன் காலம்” என்று பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். மரவள்ளிக்கிழங்கு, சயாம் மரண ரயில் கதைகளோடு, “பாட்டி துப்பாக்கி பிடிச்சவங்க” என்று யாராவது சொன்னால் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மலாயாத் தமிழ்ப் பெண்கள் உண்மையிலேயே துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களில் அதிகம் அறியப்பட்டவர் ஜானகி ஆதி நாகப்பன்.

யார் இவர்?

1925-இல் கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்டு, தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். பெண்களுக்கென ஜான்சி ராணிப் படை அமைக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அதில் சேர விரும்பினார். முதலில் எதிர்த்த அப்பா, பிறகு சம்மதித்தார். அப்போது ஜானகிக்கு 18 வயது.

படையில் யாரெல்லாம் இருந்தார்கள்?

டாக்டர் லட்சுமி தலைமையில், 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும் பகுதியினர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் பலர். பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி பிடித்தன, தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் இந்துஸ்தானிக் கட்டளைகளுக்கு அணிவகுத்தார்கள்.

போரில் என்ன செய்தார்கள்?

1944-இல் ஒரு பிரிவு பர்மா சென்றது. இம்பால் போர்முனைக்கு அவர்கள் அனுப்பப்படவில்லை. மேமியோவில் காயமடைந்த வீரர்களைக் கவனித்துக்கொண்டார்கள். படையின் துணைத் தளபதியாக உயர்ந்தார் ஜானகி.

உண்மையான சோதனை, பின்வாங்கும்போதுதான் வந்தது. 1945 ஏப்ரல் 24-ஆம் தேதி ஜானகியும் அவரது பெண்களும் போஸுடன் ரங்கூனை விட்டுப் புறப்பட்டார்கள். பகலில் விமானத் தாக்குதல் என்பதால் இரவில்தான் பயணம். லாரிகள் நின்றுபோன பிறகு நடைதான். ஏறக்குறைய மூன்று வாரங்களில் பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். ரயிலில் திரும்பிய மற்றொரு குழு தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் உயிரிழந்தனர்.

போருக்குப் பிறகு?

ஜானகி சமூக சேவையில் இறங்கினார். 1946 ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் ம.இ.கா. உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். பின்னாளில் செனட்டராக நாடாளுமன்ற மேலவையிலும் அமர்ந்தார். 2014 மே 9-ஆம் தேதி காலமானார்.

பதக்கம் எப்போது கிடைத்தது?

2000-இல் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ வழங்கியது. போர் முடிந்து 55 ஆண்டுகள் கழித்து! அதுவும் ராணுவப் பதக்கம் அல்ல, குடிமக்களுக்கான விருது. காரணம் எளிது. இந்தப் படை எதிர்த்தது பிரிட்டிஷாரை. 1945-இல் மலாயாவுக்குத் திரும்பி வந்து ஆட்சி நடத்தியதும் அதே பிரிட்டிஷார்தான். எதிர்த்து நின்றவர்களுக்கு அவர்கள் எப்படிப் பதக்கம் தருவார்கள்?

ஆங்கிலம் படித்த, நகரத்து ஜானகியின் பெயர் ஆவணங்களில் நின்றது. அவரோடு அணிவகுத்த தோட்டத்துப் பெண்கள் பலருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. லயத்துக்கும் பால்வாளிக்கும் திரும்பினார்கள், குடும்பம் நடத்தினார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அன்று 16 வயது என்றால், இன்று நூறை நெருங்கும் வயது. அதனால் அவர்களின் பிள்ளைகளிடம் கேளுங்கள்: எந்தத் தோட்டம்? யாரோடு போனார்? எந்த முகாம்? எப்போது திரும்பினார்? பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய படம் இருந்தால் பின்புறத்தில் பெயரையும் தோட்டத்தையும் எழுதி வையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தையும் அணுகிப் பாருங்கள். பதக்கம் பெறாதவர்களுக்குப் பெயராவது மிஞ்சட்டும்.