வழக்கறிஞர்களின் தொடர்கல்வியும் வன்கொடுமை வழக்குகளும்

வழக்கறிஞராகப் பதிவு செய்த பின்னரும் புதிய சட்டங்களையும் தீர்ப்புகளையும் முறையாகப் பயின்று வருவதே தொடர் சட்டக் கல்வி. நியூயார்க் மாநிலத்தில் இது கட்டாயம். அனுபவமுள்ள வழக்கறிஞர் 2 ஆண்டுகளில் 24 பயிற்சி அலகுகளை முடிக்க வேண்டும்; பாகுபாட்டை ஒழிப்பது குறித்த பாடமும் அதில் அடங்கும்.

இந்தியாவில் அத்தகைய கட்டாயம் இல்லை. அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் ஒருமுறை தேறினால் போதும். கருத்தரங்குகள் நடத்துவது மாநில பார் கவுன்சிலின் பணிகளுள் ஒன்று என 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் கூறுகிறது. ஆனால் அவற்றில் பங்கேற்பது அவரவர் விருப்பம். நீதிபதிகளுக்குப் பயிற்சியளிக்கும் மாநில நீதித்துறை அகாடமிக்குக் கோவையில் மண்டல மையம் உண்டு. வழக்கறிஞர்களுக்கு அதற்கிணையான கடப்பாடு இல்லை.

இதன் விளைவைச் சுமப்பவர்கள் பாதிக்கப்பட்டோரே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவை எடுத்துக்கொள்வோம். பிணை விசாரணை குறித்து முன்னறிவிப்புப் பெறவும், அதில் தம் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டோருக்கு இப்பிரிவு உரிமையளிக்கிறது. இது கட்டாயமானது என உச்ச நீதிமன்றம் ஹரிராம் பாம்பி வழக்கில் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்து, அவ்வாறு அறிவிக்காமல் வழங்கப்பட்ட பிணையை ரத்து செய்தது. இத்தீர்ப்பை அறியாத வழக்கறிஞர், எதிர்ப்பின்றிப் பிணை வழங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொங்கு மண்டலத்தின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 2015 ஜூன் 23 அன்று பொறியாளர் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சி பிறழ்ந்தார். ஆயினும் அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு வழக்கைத் தாங்கி நின்றது. வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சிறப்பு அரசு வழக்கறிஞராக வாதாடியவர் பவானி பா. மோகன். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மின்னணுச் சான்றுகளுக்கான விதிகளும் மாறியுள்ளன. உரிய சான்றிதழ் கட்டாயம் என அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. அதன்படி சான்றிதழில் வல்லுநரும் கையொப்பமிட வேண்டும். இதை அறியாவிடில் வலுவான பதிவும் பயனற்றுப் போகலாம்.

ஆகவே கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களின் வழக்கறிஞர் சங்கங்கள் ஆண்டுதோறும் மூன்று பாடங்களையேனும் நடத்த வேண்டும் என வலியுறுத்துகிறோம்: 15ஏ உரிமைகள், மின்னணுச் சான்று, பிறழ்சாட்சியை எதிர்கொள்ளும் முறை.

செயற்பாட்டாளர்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. பாதிக்கப்பட்டோர் தன்னார்வ அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது 15ஏ(12)இன்படி அவர்களது உரிமை. பாதிக்கப்பட்டோர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்துவதற்கு 1995ஆம் ஆண்டு விதிகளின் 4(5) இடமளிக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவான நாளிலேயே இவ்விரண்டையும் குடும்பத்தினருக்கு எடுத்துரைப்போம்.