கல்முனைக் கரையிற் காட்டு மேய்ச்சல்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் சொல் கால்நடையைக் குறிக்கும் 'பெக்குசு' என்பதினின்றே பிறந்தது. நாணயம் பெருகுமுன் மனிதன் தன் செல்வத்தை நாற்காலிற் கண்டான் என்பதற்கு இவ்விரு மொழிகளும் சான்று பகருகின்றன. ஆயின், அச்செல்வம் எங்கே வைக்கப்பட்டது என்னும் வினாவை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பொன் பேழையில் இருந்தது. நெல் பட்டடையில் இருந்தது. மாடோ காட்டில் இருந்தது. காட்டில் மேய்ந்த அச்செல்வத்தை எவ்வொழுங்கு காத்தது என்பதனை ஈழத்தின் கிழக்குக் கரையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

விலங்கைக் காட்டிலே விட்டு வளர்த்தல் உலகின் பல பாகங்களிலும் நிலவிய வழக்கம். இங்கிலாந்தில் இலையுதிர் காலத்திற் பன்றிகளைக் காட்டினுள் விடுவர். அவை உதிர்ந்து கிடக்கும் ஓக்கு மரக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும். இதனைப் 'பேனேச்சு' என்று வழங்கினர். 1086இல் அரசன் வில்லியம் தொகுப்பித்த 'தூம்சுடே' ஏட்டிலே, ஒரு காட்டின் அளவு எத்தனை பன்றிகளுக்கு அஃது உணவளிக்கும் என்னும் கணக்கினாலேயே பல இடங்களிற் குறிக்கப்பட்டது. 1217இற் பிறந்த காட்டுப் பட்டயம் சுதந்திரக் குடிகளின் இவ்வுரிமையை ஏற்றுக்கொண்டது. அந்நாட்டின் தென்பாலுள்ள 'நியூ பொரெசுட்டு' என்னும் காட்டில் இவ்வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. உரிமையுடையோர் தம் பன்றிகளின் மூக்கில் வளையமிட்டு, அடையாளமும் பொறித்து, குறைந்தது 60 நாட்கள் மேயவிடுகின்றனர். குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சாகும் பசுங்கொட்டையைப் பன்றி உண்டு தீர்ப்பதால் ஏனைய விலங்குகளும் காக்கப்படுகின்றன. ஒழுங்கற்றது போலத் தோன்றும் மேய்ச்சலுக்குள்ளே எத்துணை நுண்ணிய ஒழுங்கு அமைந்துள்ளது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலே பன்றி வளர்ப்புக்கு இடமில்லை. இங்கு வாழும் முசுலிம் மக்களுக்கு அஃது விலக்கப்பட்டது. இங்கே பன்றி என்றால் காட்டுப்பன்றியே. அதுவும் உழவனின் பகைவன். ஆங்கிலேயன் பன்றியைக் காட்டுக்கு அனுப்பினான். கல்முனை உழவனோ காட்டிலிருந்து வரும் பன்றியைத் துரத்தப் பரணில் இரவெல்லாம் விழித்திருந்தான். ஆயினும் காட்டையே தொழுவமாகக் கொண்ட வளர்ப்புமுறை இங்கும் இருந்தது. மாடும் எருமையுமே அதிற் பங்கு கொண்டன.

நிலமும் மக்களும்

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிற் கல்முனை உள்ளது. கிழக்கே கடல், கடலையடுத்து மணல் மேட்டில் நெருங்கிய ஊர்கள், அவற்றின் மேற்கே பரந்த வயல்வெளி, அதற்கும் அப்பால் வில்லும் புற்றரையும் இடையிட்ட காடு. பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலியன செறிந்த உலர்வலயக் காடு அது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய கல்லோயா மேற்கு மலைச்சாரலினின்று இறங்கி இந்நிலத்தை ஊட்டியது.

இக்கரையில் முசுலிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து வருகின்றனர். 1626இற் போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியினின்று முசுலிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுட் பலரைக் கிழக்கிற் குடியேற்றினான் என வரலாற்றாசிரியர் கூறுவர். இரு சமூகத்தாரிடையேயும் தாய்வழி வரும் குடிமுறை உண்டு. பெருநில உடைமையாளரைப் போடியார் என்று அழைப்பதும் இரு சாராருக்கும் பொது. கடற்கரை உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றிக் கண்டி நாட்டுக்குக் கொண்டு சென்று, பாக்கு முதலியவற்றை மாற்றிவந்த தவளக்காரருட் பெரும்பாலோர் முசுலிம்கள். எனவே மாடு இங்கு ஏருக்கும் களத்துக்கும் மட்டுமன்றி வாணிகத்துக்கும் உறுதுணையாயிற்று.

ஆண்டுச் சக்கரம்

இக்கரையின் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றினால் வருவது. ஐப்பசியில் மழை இறங்கும். விதைப்பும் அதனையொட்டி நிகழும். விதைப்புக்கு முன் எருமைகளை வயலிற் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சேறாக்குவர். விதை விழுந்தபின் வயலில் எந்த விலங்கின் காலும் படலாகாது. அப்பொழுது பட்டிகள் மேற்கே காட்டுப் புறத்துக்குச் சாய்க்கப்படும். மழையினாற் காடு தழைத்திருக்கும். பள்ளங்களில் நீர் நிறைந்திருக்கும். மேட்டு நிலங்களிற் புல் முழங்காலளவு வளர்ந்திருக்கும். கடற்கரை ஊரவர் பயிரைக் காத்து நின்ற நான்கு மாதமும் அவர்தம் செல்வத்தைக் காடு காத்து நின்றது.

மாசியிலும் பங்குனியிலும் கதிர் அறுவடையாகும். அறுத்த கதிரைச் சூடாக அடுக்கி, பின்னர்க் களத்திற் பரப்பி எருமைகளால் மிதிப்பிப்பர். அறுவடை முடிந்த வயல் பட்டிகளுக்குத் திறந்துவிடப்படும். அரிதாளை மாடு மேயும். மாட்டின் எரு வயலிற் சேரும். கோடை முதிர்ந்து புல் கருகியதும் மந்தைகள் வில்லுகளையும் குளக்கரைகளையும் ஆற்றோரங்களையும் நாடும். மீண்டும் மழை வரும். மீண்டும் காடு அழைக்கும்.

இச்சக்கரத்தை உற்று நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வயலுக்கும் காட்டுக்கும் இடையே இருந்தது பகைமையன்று, முறைமாற்றமே. பயிருக்கு உரிய காலத்தில் மாட்டுக்குக் காடு. காடு வறண்ட காலத்தில் மாட்டுக்கு வயல். இடமும் காலமும் ஆகிய இரண்டு தூண்களின் மீதே இம்மேய்ச்சல் நின்றது. இவற்றுள் ஒன்று தளரினும் மற்றொன்று தாங்காது.

பட்டியும் குறியும்

காட்டில் விடுதல் என்பது கைவிடுதல் அன்று. உடையவன் ஊரில் இருப்பான். அவனுடைய மந்தையைப் பட்டிக்காரன் காட்டோரத்திற் காப்பான். முள்வேலியிட்ட பட்டியில் இரவில் மாடுகள் அடையும். கன்றைப் பட்டியில் நிறுத்திவிட்டால் தாய்ப்பசு எத்துணைத் தூரம் மேய்ந்தாலும் மாலையில் திரும்பிவிடும் என்பது பட்டிக்காரன் அறிந்த எளிய சூத்திரம். சிறுத்தைக்கும் யானைக்கும் நடுவில் வாழ்ந்த அவனுக்குக் கூலி பாலாகவும் நெல்லாகவும் கன்றின் பங்காகவும் அளக்கப்பட்டது. எருமைப்பால் மண்சட்டியில் தயிராகி ஊர்ச் சந்தைக்கு வரும். முசுலிம் போடியாரின் மாட்டைத் தமிழ்ப் பட்டிக்காரர் மேய்த்தலும், இரு சமூகத்தார் மந்தைகளும் ஒரே தரையில் மேய்தலும் இயல்பாயிருந்தன.

பல பேருடைய மாடுகள் கலந்து மேயுமிடத்து உடைமையை நிலைநாட்டியது குறி. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் உடலில் இடப்பட்ட குறியே அதன் உறுதிச் சீட்டு. எழுத்தறியாதவனும் அதனைப் படித்தான்.

இம்முறையிற் குறையே இல்லை என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். காட்டு மாடு கறக்கும் பால் சிறிது, களவு எளிது, வேலி தளர்ந்த வயலில் ஓரிரவில் நேரும் அழிவோ பெரிது. மந்தைகள் கலந்து திரிவதால் தொற்றுநோயும் விரைந்து பரவும். 1987இல் இலங்கையின் வடக்கு கிழக்கில் மீண்டும் நுழைந்த மாட்டுக் கொள்ளைநோய் 1994 வரையில் நீடித்தது. அந்நோய் உலகினின்றே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. எனினும், குறைகளைக் கூட்டிக் கழித்த பின்னரும் செலவு குறைந்த, நிலத்துக்கு இசைந்த ஒரு வாழ்முறையாகவே இது நின்றது.

எழுத்தேறியதும் எழுத்தேறாததும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டு வழக்குகள் பல எழுத்தேறின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாததாகவும் கிடந்த நிலம் முடிக்குரியது என ஊகிக்கப்படும் என்றது. உழுத நிலத்துக்கு உரிமை காட்ட வழியுண்டு. மேய்ந்த நிலத்துக்கு எதனைக் காட்டுவது? மாடு புல்லைத் தின்ற இடத்தில் மறுமழையிற் புல்லே முளைக்கிறது; உரிமையின் சுவடு முளைப்பதில்லை.

1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நெற்செய்கையும் நீர்ப்பாய்ச்சலும் பற்றிய பண்டை வழக்குகளுக்கு உயிரூட்டியது. தேசாதிபதி சேர் என்றி உவாட்டின் காலத்தில் இறக்காமம், அம்பாறை முதலிய குளங்களிலும் திருத்தவேலைகள் மேற்கொள்ளப்பட்டன. வயலின் வழக்கு இவ்வாறு அரசின் ஏட்டில் இடம்பெற்றது. வட்டை விதானை என்னும் வயல் அதிகாரி அதன் காவலனானான்.

மாட்டைப் பற்றியும் சட்டம் பேசாமலில்லை. 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கால்நடை அத்துமீறலைப் பற்றியது. 1907ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம் ஒதுக்கக் காட்டினுள் அனுமதியின்றி மாடு நுழைவதைக் குற்றமாக்கியது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும் உரிமைச் சீட்டையும் ஒழுங்குபடுத்தியது. இவற்றையெல்லாம் ஒருசேர வைத்து நோக்குக. வயலின் வழக்கு எழுதப்பட்டது. மாட்டின் உடைமை எழுதப்பட்டது. மாட்டின் குற்றமும் எழுதப்பட்டது. மாடு மேயும் உரிமை மட்டும் எழுதப்படவில்லை. குறி மாட்டின் தோலில் இருந்தது; தரையில் இல்லை.

'நியூ பொரெசுட்டு' காட்டின் வரலாறு இதனின் வேறானது. அங்கும் மேய்ச்சலுரிமை பலமுறை நெருக்கப்பட்டது. ஆயினும் இன்ன வீட்டுக்கு இன்ன உரிமை என்று பதிவேடு இருந்தது. 1877ஆம் ஆண்டின் சட்டம் 'வெர்டரர்' என்னும் காட்டு நடுவர் மன்றத்தைத் திருத்தியமைத்தபோது, அவ்வுரிமையைக் காக்க ஒரு மேடையும் கிடைத்தது. அந்நாட்டின் வேறு பல பொதுநிலங்கள் வேலிக்குள் மறைந்தபோதும் அக்காட்டு மேய்ச்சல் நிலைத்தமைக்கு இஃது ஒரு பெருங் காரணம்.

கல்லோயாவின் பின்

1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் எழுந்தது. காடு வெட்டிக் குடியேற்றங்கள் அமைந்தன. கரும்புத் தோட்டமும் தோன்றியது. 1954இல் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. 1961இல் மட்டக்களப்பின் தென்பாகம் அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது.

இத்திட்டம் நாட்டுக்கு நெல்லைத் தந்தது, வெள்ளத்தை அடக்கியது, கடற்கரை வயல்கள் பலவும் அதன் நீரைப் பெற்றன. இவற்றை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் மேய்ச்சலுக்கு அது செய்ததும் மறுக்கற்பாலதன்று. காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. ஒரு பகுதி வயலானது. ஒரு பகுதி வேட்டை விலங்குக்கு ஒதுக்கப்பட்டது. இவ்வாறு இடம் சுருங்கிற்று. மறுபுறம், வாய்க்கால் நீர் பாய்ந்த வயல்களிற் சிறுபோகமும் நிலைபெற்றது. முன்னர் அறுவடைக்குப்பின் மந்தைக்குத் திறந்திருந்த வயல் இப்பொழுது மறுபயிரைத் தாங்கி நின்றது. இவ்வாறு காலமும் சுருங்கிற்று. மேய்ச்சலைத் தாங்கிய இரு தூண்களும் ஒரு தலைமுறைக்குள் அசைந்தன.

இதனோடு உழவு இயந்திரமும் வந்தது. சேறாக்குதலும் சூடு மிதித்தலும் எருமையின் காலினின்று இயந்திரத்தின் சில்லுக்கு மாறின. எருமையினால் உழவனுக்கு ஆவது தயிர் மட்டுமே என்றாயிற்று. தனக்கு வேலை செய்த விலங்கின் சிறு குறும்பைப் பொறுத்த உழவன், பிறனுக்குப் பால் தரும் விலங்கின் குறும்பைப் பொறுப்பானா? 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானைமாரின் இடத்திற் செய்கைக் குழுக்களை அமைத்தது. இரு தரப்பையும் பெயரிட்டு அறிந்து பிணக்குத் தீர்த்த பழைய முகம் மறைந்தது. பின்னர்ப் போர் நிகழ்ந்த ஆண்டுகளிற் காட்டோரப் பட்டிகள் கைவிடப்பட்டன, மந்தைகள் சிதறின. 2009இற் போர் முடிந்து மக்கள் திரும்பியபோது மேய்ச்சல் தரை, பயிர்நிலம், ஒதுக்கக் காடு என்னும் மூன்று பெயர்களும் ஒரே நிலத்தின்மேல் வந்து பொருந்தின. அக்கரைப்பற்றுக்கு மேற்கேயுள்ள வட்டமடுவிற் கால்நடை வளர்ப்போரும் பயிர் செய்வோரும் வனத் திணைக்களமும் கொண்ட நீண்ட பிணக்கு இதற்குச் சான்று. அதனை இரு சமூகங்களின் பகையாக மட்டும் காண்போர் அதன் வேரைக் காணாதவராவர். பல நூற்றாண்டு ஒன்றாய் மேய்ந்த மந்தைகளின் உடையவர்கள் திடீரெனப் பகைவராகவில்லை. அவர்கள் முறைமாறி ஆண்ட நிலம் மூவருக்கும் ஒரே காலத்தில் வேண்டியதாயிற்று.

இக்கரையின் வயற் கூட்டங்களில் ஒரு பழைய வழக்கம் இன்றும் எஞ்சியுள்ளது. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் உழவரும் அதிகாரிகளும் கூடி, விதைப்புத் திகதியையும் நீர் திறக்கும் திகதியையும் குறிக்கின்றனர். இன்ன நாளுக்குமுன் கால்நடைகள் வயல்வெளியினின்று அகற்றப்பட வேண்டும் என்றும் தீர்மானிக்கின்றனர். முன்னோர் காலத்தில் அத்தீர்மானத்தின் மறுபாதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அகற்றிய மாடு காட்டுக்குச் செல்லும் என்பது எல்லாரும் அறிந்தது. இன்றோ நாள் மட்டும் எழுதப்படுகிறது. செல்லும் இடம் எழுதப்படுவதில்லை. அவ்விடத்தையும் அதே தாளில் எழுதும் நாளிலேதான் வயலுக்கும் பட்டிக்கும் உள்ள பழைய உறவு மீளும்.