சலேசிய சபை

இத்தாலியின் டுரின் நகரில் புனித ஜான் போஸ்கோ (1815–1888) 1859இல் தொடங்கிய கத்தோலிக்கத் துறவற சபை. நம் ஊர்களில் 'டான் போஸ்கோ' என்றால்தான் தெரியும். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து, கேட்பாரற்றுத் திரிந்த பையன்களே இச்சபை பிறக்கக் காரணம். போதனையோடு நில்லாமல், 1853இலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறை போட்டார் போஸ்கோ. தச்சும் அச்சும் பின்னர் வந்தன. பிரம்பை ஒதுக்கி, அறிவு, சமயம், அன்பு மூன்றாலும் பிள்ளைகளை வழிநடத்தும் 'தடுப்பு முறை' அவருடையது. அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல்.

சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தனர். அதுவே இந்தியாவில் முதல் தளம். கிருஷ்ணகிரியை அடுத்த திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியை 1951இல் நிறுவினர். பெங்களூரில் தெருச்சிறுவர்களுக்காகவும் பணியாற்றுகின்றனர்.